பழைய ஜீப்பைக் கொடுத்துட்டு இன்னொரு பழைய ஜீப்பா?

எங்க வீட்டுல ரெண்டு மாசமா இதே பேச்சுதாங்க. 1996 மாடல் மகேந்திரா எம்.எம். 540 ஜீப்பைக் குடுத்துட்டு, மேல நாலு லட்சம் போட்டு 2014 மாடல் தார் எடுக்கலாமா, வேண்டாமா? சித்தப்பா எடுத்தே ஆகணும்ங்கிறார். அம்மா எடுக்கவே கூடாதுங்கிறாங்க. அப்பா ரெண்டு பேர் சொல்றதுக்கும் தலையாட்டிட்டு, "நீதான மெக்கானிக்கல் படிக்கிற, நீயே சொல்லு"ன்னு என் தலையில கட்டிட்டார். (மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு கார்னோ சைக்கிள் தெரியும், கார் தெரியாதுங்கிறதை அவர்கிட்ட யார் சொல்றது? ஹி..ஹி..)

என்னோட பதில்: வேண்டாம். ஆனா அம்மா சொல்ற காரணத்துக்காக இல்லை. "இரும்பு வண்டி, தகரம் கெட்டி, இந்தக் காலத்து வண்டி மாதிரி அப்பளம் இல்லை"ங்கிறதுதான் அம்மாவோட காரணம். அது தப்புன்னு கீழ சொல்றேன்.

முதல்ல எங்க பாடு என்னன்னு தெரியணும். நாங்க போடிக்காரங்க. மெட்டுக்கு மேல பூப்பாறை பக்கம் சின்னதா ஒரு ஏலத்தோட்டம். வீட்டுல இருந்து 40 கிலோமீட்டர் சொச்சம். போடிமெட்டு மலைப்பாதையில 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, மேல போய், அப்புறம் தார் ரோட்டை விட்டு உள்ள இறங்கினா கடைசி 3 கிலோமீட்டர் வெறும் மண்ணும் பாறையும். ஆனி, ஆடியில மழை புடிச்சா அந்த மூணு கிலோமீட்டர்ல கால் வெச்சா முழங்கால் வரைக்கும் போகும். ஃபோர் வீல் இல்லாத வண்டி அங்க வேலைக்கு ஆகாது. ஜீப்தான் உரம் ஏத்தும், ஆளுகளை ஏத்தும், பச்சைக் காயை ஸ்டோருக்குக் கொண்டுபோகும், உலர்ந்த காயை கீழ கொண்டு வரும். யாருக்காவது உடம்பு முடியலைன்னா ஆம்புலன்ஸும் அதுதான்.

அதனால "ஆஃப் ரோடு"ங்கிற வார்த்தையை டிவி விளம்பரத்துல கேக்கும்போது எனக்கு கொஞ்சம் சிரிப்பு வரும். நகரத்துல இருக்கிற நண்பர்களுக்கு அது ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்கு. எங்களுக்கு அது செவ்வாய்க்கிழமை.

சரி, மேட்டருக்கு வருவோம்.

காசு குடுத்தா என்ன கிடைக்குது? எங்க ஜீப்புல இருக்கிறது 2112 சிசி பெஜோ டீசல் எஞ்சின். 62 குதிரைசக்தி, 4 கியர். காலையில குளிர்ல ஹீட்டர் போட்டு பத்து எண்ணினாத்தான் பிடிக்கும். 2010 அக்டோபர்ல வந்த முதல் தலைமுறை தார்ல, சி.ஆர்.டி.இ. மாடல்னா 2498 சிசி, 105 குதிரைசக்தி, 5 கியர். முன்னாடி பட்டை ஸ்பிரிங் இல்லாம தனித்தனி சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக், பவர் ஸ்டீயரிங், ஏ.சி. பேப்பர்ல பாத்தா ரெண்டுக்கும் ஏணி வெச்சாலும் எட்டாது.

ஆனா மெட்டு ரோட்டுல 105 குதிரையும் எங்க ஓடும்? முன்னாடி போற லாரிதான் உங்க வேகத்தை முடிவு பண்ணுது. அடுத்த வளைவு வர்றதுக்குள்ள மூணாவது கியர் போட்டா அதிசயம். கடைசி மூணு கிலோமீட்டர்லயோ லோ கியர்ல நடக்கிற வேகம்தான், அங்க 62 குதிரையே மிச்சம். டீசல் செலவுலயும் பெரிய வித்தியாசம் இல்லை. எங்க வண்டி லிட்டருக்கு 11, 12 தருது. தார் வெச்சிருக்கிற தெரிஞ்சவங்களும் அதே கணக்குதான் சொல்றாங்க. டயரைப் பாத்தாலும் அப்படித்தான். எங்களோடது பழைய 6.00-16, ஒல்லி டயர். தாரோடது 235 அகலம். பாக்க கம்பீரமா இருக்கும். ஆனா எங்க ஊர்ச் சேத்துல ஒல்லி டயர் அறுத்துக்கிட்டு கீழ கெட்டித் தரையைத் தேடிப் பிடிக்கும்னு டிரைவர் அண்ணன்மார் சொல்றதை நான் நிறைய தடவை கண்ணால பாத்திருக்கேன்.

பவர் ஸ்டீயரிங்தான் உண்மையான லாபம். அதை நான் மறுக்கவே மாட்டேன். அப்பாவுக்கு 54 வயசு. லோடு ஏத்தின ஜீப்பை 17 வளைவுலயும் கையால திருப்பிட்டு வர்ற நாள்ல ராத்திரி வலது தோளைத் தூக்க முடியாது. அம்மா தைலம் தேய்க்கிற சத்தம் பக்கத்து ரூம் வரைக்கும் கேக்கும். சித்தப்பா சொல்ற வாதத்துல எனக்கு மனசுல படுறது இது ஒண்ணுதான். மத்தபடி "நாலு பேர் மதிப்பாங்க"ங்கிறதெல்லாம்... அவரே ஓட்டட்டும், அவரே மதிப்பு வாங்கிக்கட்டும் :-)

இப்ப பாதுகாப்பு. இங்கதான் ரெண்டு பக்கமும் தப்பாப் பேசுறாங்கன்னு நினைக்கிறேன்.

அம்மா சொல்ற "கெட்டி இரும்பு" கதையை முதல்ல எடுத்துக்குவோம். ஒரு வண்டி மோதும்போது அந்த வேகத்தோட சக்தி எங்கயாவது போயாகணும். இப்பத்து வண்டியில முன்பக்கம் நசுங்கி அதை வாங்கிக்கும். நசுங்குறது குறை இல்லை, அதுக்காகத்தான் அதைச் செஞ்சிருக்காங்க. எங்க ஜீப்புல பம்பரும் சேஸும் நசுங்காது, வாஸ்தவம். நசுங்காததை உள்ள உக்காந்திருக்கிறவன் நெஞ்சு வாங்கிக்கும். எங்க வண்டியோட முன் சீட்டுல ஒரு காலத்துல பெல்ட் இருந்ததுக்கு அடையாளமா போல்ட் ஓட்டை மட்டும்தான் இருக்கு. பின்னாடி ரெண்டு பக்கமும் நீளமா பெஞ்சு, அவ்வளவுதான். மோதினதுக்கு அப்புறம் ஜீப்பு முழுசா நிக்குங்கிறதுல உள்ள இருந்தவங்களுக்கு என்ன ஆறுதல்?

அப்ப தார் வாங்குறதுதானே சரின்னு கேப்பீங்க. இருங்க. 2014 தார்ல ஏர்பேக் இருக்கா? இல்லை. அந்தத் தலைமுறையிலேயே கடைசி வரைக்கும் கிடையாது. ஏ.பி.எஸ்.? அது 2019ல, அந்த மாடல் முடியப்போற நேரத்துலதான் வந்துச்சு. பின்னாடி? அதே பக்கவாட்டு பெஞ்சு. ஆக நாலு லட்சம் குடுத்து வாங்குறது டிஸ்க் பிரேக்கும் முன்னாடி ரெண்டு பெல்ட்டும். உண்மையான தாவல் நடந்தது 2020 அக்டோபர் 2ஆம் தேதி விற்பனைக்கு வந்த ரெண்டாம் தலைமுறையில. ரெண்டு ஏர்பேக், ஏ.பி.எஸ். எல்லாம் அதுல இருக்கு. அந்த வருஷம் நவம்பர்ல குளோபல் என்கேப் மோதல் சோதனையில பெரியவங்களுக்கு 4 ஸ்டார், குழந்தைகளுக்கு 4 ஸ்டார் வாங்கின வண்டி அது. நடுவுல இருக்கிற 2010-2019 வண்டிக்கு பேர் ஒண்ணுதான், முகமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா புது தார் வந்து பேர் பெரிசானதும் பழைய தாருக்கும் விலை ஏறிக்கிச்சு. பேருக்குக் குடுக்கிற காசு அது. பழைய ஜீப்போட எளிமையும் இல்லாம, புதுசோட பாதுகாப்பும் இல்லாம, நடுவுல நிக்குற ஒரு வண்டிக்கு ஆறேகால் லட்சம் கேக்குறாங்க. இதுதான் நான் வேண்டாம்ங்கிறதுக்கு முதல் காரணம்.

"அப்ப நேரா 2021 மாடலுக்கே போயிரலாமே"ன்னு சித்தப்பா கேட்டார். காசு எங்க இருக்குங்கிறது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த வண்டியில நாலு சீட்டு. அகலம் 1820 மி.மீ. எங்க தோட்டத்துக்குள்ள இருக்கிற சின்னப் பாலம் ரெண்டும் பழைய ஜீப்பு அளவுக்குப் போட்டது. உரமூட்டையை அந்த சீட்டு மேல ஏத்த யாருக்கு மனசு வரும்? அது நல்ல வண்டி. குடும்பத்தோட மூணாறு போக அருமையா இருக்கும். தோட்ட வேலைக்கு அது ஆகாது. இன்னொண்ணு, 2023 ஜனவரியில இருந்து தார்லயே பின் சக்கரம் மட்டும் இழுக்கிற மாடலும் வந்துச்சு. செகண்ட்ஸ்ல பாக்கிறவங்க கியர் பக்கத்துல இன்னொரு லிவர் இருக்கான்னு குனிஞ்சு பாத்துட்டு மத்ததைப் பேசுங்க. தார்னு பேர் இருந்தாலே ஃபோர் வீல்னு நினைச்சு அட்வான்ஸ் குடுக்கிற ஆளுங்க இருக்காங்க.

ரெண்டாவது காரணம் டீசல் கேன். சிரிக்காதீங்க. தோட்டத்துல மோட்டாருக்கும் வண்டிக்கும் டீசலை கேன்லயும் பேரல்லயும்தான் வெச்சிருப்போம். மழைக்காலத்துல தண்ணி கலக்கும், தூசி விழும். எங்க பழைய எஞ்சின் கொஞ்சம் இருமிட்டு ஓடிரும். ஃபில்டரைக் கழட்டி ஊத்திட்டு, ஏர் எடுத்துட்டு கிளம்பிரலாம், அப்பாவே செய்வார். காமன் ரெயில் எஞ்சினுக்கு இந்த விளையாட்டு ஒத்துக்காது. அதோட பம்பும் இன்ஜெக்டரும் ரொம்ப அதிக அழுத்தத்துல வேலை செய்யுறது. துளி தண்ணி, துளி தூசி போதும். இன்ஜெக்டர் போச்சுன்னா வண்டியை டோ பண்ணி கீழ இறக்கணும், லேப்டாப் வெச்சிருக்கிற ஒர்க்‌ஷாப்பைத் தேடணும். காய் எடுப்பு நேரத்துல வண்டி நாலு நாள் நின்னா, வாடகை ஜீப்புக்கு குடுக்கிற காசு ஒரு பக்கம், செடியிலயே பழுத்து வெடிக்கிற காய் இன்னொரு பக்கம்.

கொழுக்குமலையைப் பாத்தவங்களுக்கு நான் சொல்றது புரியும். அந்தத் தேயிலைத் தோட்டம் நம்ம தேனி மாவட்டத்துலதான் இருக்கு. ஆனா வண்டியில போகணும்னா கேரளாவுல சூரியநெல்லி போய்த்தான் ஏறணும். ரோடுன்னு சொல்றதுக்கு அங்க ஒண்ணும் இல்லை, பாறைக்கு மேல பாறை. விடியக்காலையில சூரிய உதயம் பாக்க டூரிஸ்டுகளை வரிசையா ஏத்திக்கிட்டுப் போற ஜீப்புகளை எண்ணிப் பாருங்க. மேஜரும் கமாண்டரும்தான் நான் அதிகம் பாத்திருக்கேன். அந்த டிரைவருங்களுக்கு புது வண்டி ஆசை இல்லாம இல்லை. தினம் தினம் ஓடி, சாயங்காலம் ஸ்பேனரோட கீழ படுத்து, மறுநாள் காலையில மறுபடி ஓடணும். அதுக்கு எது சரியோ அதை வெச்சிருக்காங்க.

இப்ப பேப்பர் விஷயம். இதுல சித்தப்பா பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கு. 15 வருஷம் தாண்டின சொந்த வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி. பாத்து ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும். 2021ல நாங்க புதுப்பிச்சப்போ கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரல்ல இருந்து அது 5,000 ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல, 20 வருஷம் தாண்டின கார், ஜீப்புக்கெல்லாம் 10,000ன்னு ஆக்கிட்டாங்க. எங்களுக்கு அடுத்த தவணை 2026. "வருஷா வருஷம் ஏத்திக்கிட்டேதான் போவாங்க, பழைய வண்டியை வெச்சிருக்கிறதே குத்தம்னு ஆக்கிருவாங்க"ங்கிறார் சித்தப்பா. ஆக்கலாம். ஆனா 10,000ஐ அஞ்சு வருஷத்துக்கு வகுத்தா வருஷத்துக்கு 2,000. நாலு லட்சத்துக்கு வட்டி மட்டும் மாசத்துக்கு எவ்வளவுன்னு போட்டுப் பாருங்க, அப்புறம் 10,000 பெரிசாத் தெரியாது. அதோட அந்த 2014 தாருக்கும் 2029ல 15 வருஷம் முடிஞ்சிரும். அதுவும் அதே வரிசையில வந்து நிக்கும்.

செகண்ட்ஸ் பாக்கக் கிளம்பினதுல தெரிஞ்சுக்கிட்ட இன்னொரு விஷயம். புரோக்கர் காட்டின விலை குறைஞ்ச வண்டிகள்ல சிலது டெல்லிப் பதிவு. காரணம் எளிசு. 10 வருஷம் தாண்டின டீசல் வண்டி டெல்லி சுத்துவட்டாரத்துல ஓடக்கூடாதுன்னு 2015ல பசுமைத் தீர்ப்பாயம் சொல்லுச்சு, 2018ல உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லுச்சு. அங்க ஓட்ட முடியாததை இங்க தள்ளிவிடுறாங்க. வண்டி நல்லாவே இருக்கலாம். ஆனா என்.ஓ.சி., இங்க மறுபதிவு, ஆயுள் வரி எல்லாம் சேத்தா "சல்லிசு" காணாமப் போயிரும். கே.எல். வண்டிக்கும் இதே கதை. அப்புறம் பெரிய டயர், உசத்தின சஸ்பென்ஷன், வேற கம்பெனி எஞ்சின் போட்ட வண்டி பக்கமே போகாதீங்க. கம்பெனி குடுத்த அடிப்படை அமைப்பை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிருச்சு. போட்டோவுல அழகா இருக்கிறது எஃப்.சி.ல நிக்காது.

உண்மையான கணக்கு இதுதாங்க. அந்த நாலு லட்சம் சும்மா இருக்கிற காசு இல்லை. அம்மா மூணு வருஷமா கட்டிக்கிட்டு வர்ற சீட்டு. தங்கச்சிக்கு அடுத்த வருஷம் காலேஜ். அவளுக்கு நர்சிங் கிடைச்சா அந்தச் சீட்டுப் பணம்தான் முதல் வருஷ ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம். "ஏலக்காய் விலை நல்லா இருக்கு, ஒரு சீசன்ல எடுத்துரலாம்"ங்கிறார் சித்தப்பா. 2019ல ஏலத்துல கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போச்சு. அந்த வருஷம் எங்க தெருவுல புது வண்டி பூஜை போடாத வாரமே இல்லை. ரெண்டு மூணு வருஷத்துல கிலோ 1,000 ரூபாய்க்குக் கீழ வந்துச்சு. அப்ப டியூ கட்ட முடியாம வண்டியை விட்டவங்களும் அதே தெருவுலதான் இருக்காங்க. ஏலக்காய் விலையை நம்பி வண்டி வாங்குறது, மழையை நம்பி துணி காயப்போடுற மாதிரி.

அதனால நான் அப்பாகிட்ட சொன்னது: வண்டியை மாத்த வேண்டாம், ஆனா அப்படியே விடவும் வேண்டாம். ஒண்ணேகால் லட்சம் ஒதுக்கி இந்த ஜீப்புக்கே செலவு பண்ணலாம். முதல்ல பிரேக். நாலு வீலும் டிரம். இறக்கத்துல சூடேறினா பிடிமானம் குறையும், ஓடையில நனைஞ்சா கொஞ்ச தூரத்துக்குப் பிடிக்கவே பிடிக்காது. லைனிங், மாஸ்டர் சிலிண்டர், பைப்பு எல்லாத்தையும் புதுசா மாத்தணும். (ஏறுன கியர்லயே இறங்குங்கிற பழைய விதி எப்பவும் உண்டு.) ரெண்டாவது, முன் சீட்டுக்கு பெல்ட். மூணாவது, ஸ்டீயரிங் ஜாயின்ட், கிங் பின் எல்லாம் பாத்துட்டு, பவர் ஸ்டீயரிங் போட வழி இருக்கான்னு கேக்கணும். கூடவே வண்டியை ரேம்ப்ல ஏத்தி சேஸை சுத்தியால தட்டிப் பாக்கணும். வருஷக்கணக்கா மலையில நனைஞ்ச எந்த வண்டியும் அடியில துருப்பிடிக்கும். சேஸ் விட்டுப்போயிருந்தா நான் மேல சொன்னது எல்லாத்தையும் வாபஸ் வாங்கிக்கிறேன். அன்னிக்கே வண்டியைக் குடுத்துரலாம்.

நாலாவதா ஒண்ணு சொன்னேன், அதுக்குத்தான் வீட்டுல சண்டை. ஜீப்புல எட்டுப் பேருக்கு மேல ஏத்தக் கூடாது. காய் எடுப்பு நேரத்துல 13, 14 பேர் கூட ஏறுவாங்க, பின்னாடி படியில தொங்கிக்கிட்டு. பிரேக், சீட்டு, ஏர்பேக்னு நான் மேல பேசின எல்லாக் கணக்கும் 14 பேர் ஏறின நிமிஷத்துல செத்துப்போச்சு. பெண்டுக ஏழெட்டுப் பேர், தூக்குவாளியோட, அந்த பெஞ்சுல ஒருத்தர் மடியில ஒருத்தர். 1996 ஜீப்பானாலும் 2014 தாரானாலும் அவங்களுக்கு ஒண்ணுதான். "ரெண்டு நடை அடிச்சா டீசலுக்கு யார் குடுப்பா?"ன்னு சித்தப்பா கேட்டார். நாலு லட்சம் மிச்சமாகுதுல்ல, அதுல இருந்து குடுக்கலாம்னேன். அதுக்கு அவர் ஒண்ணும் சொல்லலை. அப்பா மட்டும் "காய் எடுப்பு வரட்டும், பாக்கலாம்"னார்.

டிஸ்கி: நான் மூணாவது வருஷ மாணவன், மெக்கானிக் இல்லை. எம்.எம். 540, மேஜர்ல பவர் ஸ்டீயரிங் மாட்டி ஓட்டுறவங்க போடி, கம்பம், உத்தமபாளையம் பக்கம் யாராவது இருந்தா எவ்வளவு ஆச்சு, எஃப்.சி.ல ஏதும் கேட்டாங்களான்னு சொல்லுங்க. அப்பா தோளுக்காகக் கேக்குறேன்.